கப்பி

"கப்பி போட வந்திருக்கிறம்" என்றேன், படலையில் நின்று.
"எங்களிட்டக் கப்பி இருக்கு பிள்ளை,
கயிறுதான் நைஞ்சு போச்சு" என்றார் குலவீரசிங்கம்.
பொலித்தீன் பையை உயர்த்திக் காட்டினேன்.
வெயிலில் பதினொரு வால்கள் துடித்தன.
படலைக்கு முன்பே அவர் முகம் சாத்திக்கொண்டது.

"சைவக் கிணத்துக்குள்ள மீனோ?"

ஆனைக்கோட்டையில் அன்று அது ஒன்பதாவது வீடு.
முதல் எட்டில்
இரண்டு நாய், ஒரு பூட்டு,
கனடாவில் மகனைக் கேட்டுச் சொல்கிறோம் என்றவை மூன்று,
துண்டுப்பிரசுரத்தை விரித்து
அதிலேயே மிளகாய் காயப்போட்டவள் ஒருத்தி.
மீன் இறங்கியது ஒரே ஒரு கிணற்றில்.

பாடமாக்கியதை ஒப்புவித்தேன்:
நாட்டில் மலேரியா இல்லை.
ஆனால் நுளம்பு வந்திருக்கிறது, புது இனம்,
நாங்கள் குடிக்கிற கிணற்றிலேயே முட்டை இடும்.
எங்கிருந்தோ ஒருவர் காய்ச்சலோடு வந்திறங்கினால் போதும்.
சொல்லச் சொல்ல என் குரல்
பஸ்ஸில் பல்பொடி விற்பவனுடையதாகிக்கொண்டிருந்தது.

உளுந்து மா ஒட்டிய கையோடு
உள்ளிருந்து வந்தார் யோகாம்பிகை ரீச்சர்.
"அது கடிச்சாக் கண் போகுமோ?"
"இல்லை ரீச்சர். காய்ச்சல்."
"ம்."

கையைக் கழுவவில்லை. கிணற்றடிக்கு நடந்தார்.
நான் வாளியை இறக்கினேன்.
அவர் பேசியது என்னோடு அல்ல,
கீழே தெரிந்த வட்ட வானத்தோடு.

"எண்பத்திரண்டு. நைஜீரியா. கணக்குப் படிப்பிக்கப் போனனான்.
ஆறில்லாத ஊரில பிறந்த ஆள்,
மாரிக்கு ஓடுற வழுக்கையாறுதான் தெரியும்.
அங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னால
கல்லில மோதி வெள்ளை வெள்ளையாப் பாயுது.
முதல் கிழமை முழுக்க அதைப் பாக்கவே போனன்.
ஆரும் கூட வரேல்லை. ஏனெண்டு பிறகுதான் தெரியும்.

சின்னக் கறுப்பு ஈ. முதுகு கூனல்.
ஓடுற தண்ணியிலதான் பெருகும்.
கடிச்சுக் கடிச்சுத் தோலுக்குள்ள புழு விடும்,
சொறிஞ்சு சொறிஞ்சு கால் புள்ளி புள்ளியா வெளிறும்,
கடைசியாக் கண்.
ஆத்தங்கரையில கறுத்த மண், போட்டதெல்லாம் விளையும்,
சும்மா கிடந்தது.
சனம் மேட்டில போய்க் கல்லுக் கொத்திச்சுது."

வாளி தண்ணீரைத் தொட்டது. பேச்சு நிற்கவில்லை.

"தன்லாதி எண்டொரு பொடியன். எப்பவும் பிந்தித்தான் வருவான்.
நான் முழங்காலில விட்டனான், ரெண்டு தரம்.
பிறகொரு நாள் றோட்டில கண்டன்:
கோலின்ர ஒரு முனையில அவன்,
மற்ற முனையில தேப்பன்.
சோதினை அண்டைக்கு 'நீ போய் எழுது' எண்டு
கோலை நான் வாங்கினன்.
மூண்டு மைல். ஒரு கதையும் இல்லை.
அந்தாளுக்கு என்ர பாஷை தெரியாது.
ஈ வந்து இருக்கேக்க மட்டும்
கோல் லேசா ஆடும்."

வாளியை மேலே இழுத்தேன்.
வெள்ளைத் தட்டில் ஊற்றினேன்.
நீர்மட்டத்தோடு மட்டமாய்ப் படுத்திருந்தன,
மூன்று குடம்பிகள்,
யாரோ கிழித்துப் போட்ட நூல் போல.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பையை வாங்குங்கோ."
"மீனெல்லே..."
"உங்களைத் தின்னச் சொல்லேல்லை."

பையை வாளிக்குள் வைத்து இறக்கினோம்.
நைந்த கயிறு, கிரீச்சிடும் கப்பி.
கயிற்றின் கடைசி முழத்தை அவரே பிடித்துக்கொண்டார்,
விடவில்லை, வாளி சரிந்த பிறகும்.

படிவத்தில் 'இணங்கினர்' என்பதற்கு நேரே புள்ளடி.
'காரணம்' என்ற கட்டத்தில் ஒரு விரலளவு இடம்.
வெறுமையாய் விட்டேன்.

சைக்கிளை எடுக்கும்போது
குலவீரசிங்கம் படலை வரை வந்தார்,
ரீச்சருக்குக் கேட்காத குரலில்:
"பிள்ளை, அதுகளுக்குச் சோறு போடலாமோ?"